எல்லைக்கல்லைத் தாண்டாத ஊர்

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில், குன்றுகளுக்கு இடையே அமைந்த சிற்றூர் ஈம். ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் அடங்கிய ஊரும் சுற்றுப்புறமும் ‘பங்கு’ எனப்படும். பங்கு மக்களின் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைப்பது அந்நாட்டு வழக்கம். ஈம் பங்கின் பதிவேடு ஒரு பெருந்துயரையும் தாங்கி நிற்கிறது.

1665ஆம் ஆண்டு இலண்டனில் கொள்ளைநோய் பரவியது. அங்கிருந்து ஈம் ஊர்த் தையற்காரருக்கு வந்த துணிமூட்டையில் இருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பர். செப்டம்பரில் முதல் உயிர் பிரிந்தது. அடுத்த கோடையில் நோய் மேலும் கொடியதாயிற்று.

ஓடிப்போனால் உயிர் பிழைக்கலாம். ஆனால் நோயும் உடன் செல்லுமே! அவ்வூரின் குரு வில்லியம் மாம்பெசனும், முன்னர் அங்குப் பணியாற்றிய தாமஸ் ஸ்டான்லியும் சமயக் கருத்தில் வேறுபட்டவர்கள். எனினும், இடர் வந்தபோது இருவரும் இணைந்தனர். ஊர் எல்லையை எவரும் தாண்டலாகாது என்று 1666 ஜூனில் அவர்கள் கூற, மக்கள் இசைந்தனர்.

வழிபாடு திறந்தவெளியில் நடைபெற்றது. இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே அடக்கம் செய்தனர். அயலூரார் எல்லையில் உணவை வைத்துச் சென்றனர். எல்லைக்கல்லின் குழிகளில் வினிகரை ஊற்றி, அதனுள் ஈம் மக்கள் காசுகளை இட்டனர். எலிசபெத் ஹான்காக் என்னும் பெண்மணி, எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கைகளாலேயே புதைத்தார். குருவின் மனைவி கேத்தரினும் மாண்டார்.

நோய் ஓய்ந்தபோது ஏறத்தாழ 260 பேர் இறந்திருந்தனர். எல்லைக்கல் உயரமான மதிலன்று. எவரும் எளிதில் தாண்டலாம். அயலார் வாழவேண்டும் என்னும் எண்ணமே அம்மக்களைத் தடுத்து நிறுத்தியது. இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதி ஞாயிறன்று அவ்வூரார் அவர்களை நினைந்து வழிபடுகின்றனர்.

அருஞ்சொற்பொருள்
இடர் – துன்பம்
இசைந்தனர் – உடன்பட்டனர்
அயலார் – பக்கத்து ஊரார்

பயிற்சி
1. ‘பங்கு’ என்பது யாது?
2. காசுகளை வினிகரில் இட்டது ஏன்?
3. பிரித்து எழுதுக: சிற்றூர், பெருந்துயர்.
4. ஈம் மக்கள் ஊரைவிட்டு ஓடியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.