மாலைப் படகுக்கு முன்னால்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூங்கில்துறைப்பட்டிலிருந்து சைக்கிளிலேயே கிளம்பி பாம்பன், தனுஷ்கோடி, முடிந்தால் கடல் தாண்டி நெடுந்தீவு என்று தீவு தீவாகச் சுற்ற ஆசைப்படுவதாக எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு சைக்கிளில் கரும்பு டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டப் பழகிய பிள்ளை இப்படிக் கேட்டதில் எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கம் எந்த வண்டி, எத்தனை கியர் என்பதிலேயே போயிருக்கிறது. அதை நாலு வரியில் முடித்துவிடுகிறேன். உன் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். உங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரர் பிரித்து மாட்டத் தெரிந்த வண்டியாக இருக்க வேண்டும். டியூப்பும் பிரேக் கட்டையும் ராமேஸ்வரத்துக் கடையிலும் கிடைக்கிற அளவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ரஸ்தம் பூம்கரா என்ற மூன்று பேர் சுற்றி முடித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினார்கள். இன்றைக்கு நீ கடையில் பார்த்து மயங்குகிற வசதி எதுவும் அவர்கள் வண்டியில் இல்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உன் கடிதத்தில் போகிற வழி முழுக்க இருக்கிறது, திரும்புகிற வழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தீவு என்றால் என்னவென்று தென்பெண்ணைக் கரையில் பிறந்தவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்களே, அப்போது ஆற்றைப் பார்த்திருப்பாய். அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே, திறந்து சில மாதமே ஆன பாலம் அடித்துக்கொண்டு போனது. காலையில் அக்கரைக்குப் போனவன் சாயங்காலம் எப்படி வீடு வருவது? தீவில் இருப்பவர்களுக்கு இது தினசரிக் கேள்வி. தீவுக்குச் சைக்கிளில் போகிறவனும் வண்டியில் ஏறும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைப் பழக ராமேஸ்வரம் வரை போக வேண்டாம். கல்வராயன் மலை போதும். நாலாபுறமும் சமவெளி சூழ்ந்து நிற்கிற தீவுதான் அது. கச்சிராயப்பாளையம் வழியாக வந்து கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை ஏறத் தொடங்கும். கரியாலூர், அதற்கும் மேலே வெள்ளிமலை. ஏற்றத்தில் மூச்சு முட்டினால் இறங்கி உருட்டிக்கொண்டு நட, அதில் ஒரு அவமானமும் இல்லை. ஏற்றம் யாரையும் கொன்றதில்லை. பயப்பட வேண்டியது இறக்கத்துக்கு. அங்கேதான் கை மரத்துப்போகும், பசி கண்ணை மறைக்கும், வீட்டு நினைப்பு வேகத்தைக் கூட்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும், ரப்பர் கருகும் வாடை வரும், பாரம் ஏற்றிய வண்டியில் டியூப் வெடிக்கவும் செய்யும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறை, வளைவில் விட்டுவிடு, நேர்ப்பாதையில் ரிம் ஆறட்டும். பாதி இறக்கத்தில் ஓரமாக நிறுத்தி ரிம்மில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். சுர்ரென்று இழுத்துக்கொண்டால் பத்து நிமிஷம் உட்கார். சீசாவில் அந்த ரெண்டு சொட்டு மிச்சமிருந்தால்தான் உன் கணக்கு சரி.

மலையைப் பற்றி இன்னொன்று. கல்வராயன் என்றாலே சாராயம் என்று கீழே பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கண்ணோடு மேலே போகாதே. சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவிக்கிற ஊர்கள் அவை. தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் கீழ் கிடந்து 1976இல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்த மலை அது. வாசலில் நிற்கிற பாட்டியைக் கேட்காமல் போட்டோ எடுக்காதே.

அடுத்தது பாம்பன். 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் உன்னைப் பக்கவாட்டுக் காற்று தள்ளும். பஸ் கடக்கும்போது காற்று ஒரு நொடி அறுந்து, கடந்ததும் மறுபடி அறையும். அந்த அறைக்குத் தயாராகக் கையைத் தளர்த்திப் பிடி. 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடியைத் தாண்டி இப்போது அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. காற்று முதுகில் இருக்க, பறப்பது போலப் போய்ச் சேர்வாய். அந்த நேரத்தில் உன் காலுக்குப் பலம் கூடிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அதே சாலையில்தான் அதே காற்றைக் கிழித்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

நெடுந்தீவில் நான் இதைத்தான் மறந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விடத் தொடங்கினார்கள், கடல் கொந்தளித்தால் நிறுத்தியும் வைக்கிறார்கள். நான் போனது அதற்கெல்லாம் முந்தி. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் வேலணை, புங்குடுதீவு என்று இருபுறமும் கடல் பார்த்தபடி குறிகட்டுவான் வரை மிதித்து, அங்கிருந்து படகேறினேன். வாடைக் காலம். வடக்குப் பக்கத்து இறங்குதுறையிலிருந்து தெற்கே போகப் போகக் காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போனது. சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலிகள், பெருக்கு மரம், புல்வெளியில் கட்டாக்காலியாகத் திரிகிற மட்டக்குதிரைகள். குதிரைகளைப் பார்த்துக்கொண்டே நேரத்தை விட்டேன்.

திரும்பும்போது பின்சக்கரம் பஞ்சர். அவசரத்தில் டியூப்பை மட்டும் மாற்றிக் காற்றடித்துக் கிளம்பினேன். அரை மைல் போவதற்குள் மறுபடி இறங்கியது. டயருக்குள் விரல் விட்டு மெல்லச் சுற்றித் தடவிப் பார்த்திருந்தால் நகக்கண் அளவு முள் முனை குத்தியிருக்கும். அதைப் பிடுங்காமல் எத்தனை டியூப் மாற்றி என்ன? எதிர்க்காற்றில் வண்டியை உருட்டிக்கொண்டு துறைக்கு வந்தபோது மாலைப் படகு சின்னப் புள்ளியாகிவிட்டது.

துறைக்குப் பக்கத்தில் ஒரு அக்கா தன் வீட்டில் தங்கச் சொன்னார். முற்றத்தில் மூடி வைத்திருந்த குடத்திலிருந்து செம்பால் மொண்டு முகம் கழுவினேன், காலைக் கழுவினேன், சைக்கிள் செயினில் ஒட்டிய மண்ணையும் கழுவினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "களைச்சுப்போய் வந்திருக்கிறியள், வடிவாக் கழுவுங்கோ தம்பி" என்று மட்டும் சொன்னார். மறுநாள் விடிகாலையில் அவருடைய மகள், ஒன்பது வயசு இருக்கும், காலிக் குடத்தோடு கிளம்பினாள். கூடவே நடந்தேன். வழியில் இரண்டு கிணறு தாண்டினோம், இரண்டும் உவர். நல்ல தண்ணிக் கிணறு அதற்கும் அப்பால் இருந்தது. திரும்பும்போது குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம் செயினில் நான் ஊற்றியது எவ்வளவு என்று அந்தப் பாரம் தோளுக்குச் சொன்னது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கூசுகிறது.

அதனால் தீவுக்குப் போகும்போது உனக்கு வேண்டிய தண்ணீரை நீயே கட்டிக்கொண்டு போ, ஒரு ராத்திரி அங்கே மாட்டிக்கொண்டாலும் போதுகிற அளவுக்கு. உப்புக் காற்று செயினைத் தின்னும்தான், ஆனாலும் கழுவுவதைக் கரை திரும்பிய பிறகு வைத்துக்கொள். அங்கே உலர்ந்த துணியால் துடைத்து ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். படகில் ஏறும்போது சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு ஏறாதே. 1985 மே 15ஆம் தேதி அந்தக் கடலில்தான் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட 20க்கும் மேற்பட்ட தமிழர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் அவர்களில் ஒருவரின் அண்ணனாக இருக்கலாம். அவரும் அன்றைக்கு வீடு திரும்பக் காத்திருக்கிறவர்தான்.

மாதக் கடைசி சனிக்கிழமை ராத்திரியே என் வீட்டுக்கு வந்துவிடு. ஞாயிறு விடியும் முன் கோமுகி அணையிலிருந்து ஏறுவோம். பம்ப், இரண்டு டியூப், ஒட்டுப் போடுகிற சாமான், மூன்று சீசா தண்ணீர் கொண்டு வா. பிரேக் கட்டையை நான் பார்த்த பிறகுதான் கிளம்புவோம். வெள்ளிமலை கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, எங்கே இருந்தாலும் பதினொரு மணிக்கு வண்டியைத் திருப்பிவிடுவோம்.

அன்புடன்,
அண்ணன்