ஓட்டன்பிக்குப் புறப்படும் மகளுக்கு

ஸ்வீடனில் ஓலாந்து தீவின் தென்கோடிக்குப் போகிறாயாம், கண்ணு. 1946 முதல் அங்கே பறவைகளுக்கு வளையமிடுகிறார்கள். உன் வேலை அவற்றின் மேலுள்ள உண்ணிகளைப் பார்ப்பது என்பதால் சில வார்த்தைகள்.

1. பறவை முதலில், உண்ணி பிறகு. கோடியக்கரையில் எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர், கையிலிருக்கும் குருவி வாய் திறந்து மூச்சு வாங்கினால் அளவெடுப்பதைப் பாதியில் விட்டுப் பறக்கவிடுவார். "நோட்டுல ஒரு வரி குறைஞ்சா யாரும் சாகமாட்டாங்க" என்பார்.

2. பிளாக்பேர்ட், ராபின் போலத் தரையில் இரை தேடுபவற்றை நிதானமாகப் பார். அலகோரம், கண்ணைச் சுற்றி, காதருகே இறகை ஊதி விலக்கு. உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு.

3. உண்ணியின் காலை எண்ணு. ஆறு என்றால் லார்வா, எட்டு என்றால் பெரும்பாலும் நிம்ஃப். இதில் சோம்பல்படாதே. லைம் நோய் தரும் பொரீலியா பாக்டீரியா, முட்டையிலிருந்து வரும் லார்வாவிடம் அநேகமாக இருப்பதில்லை. பறவை மேலிருந்த லார்வாவில் அது கிடைத்தால், அந்தப் பறவையே கொடுத்திருக்கலாம். நிம்ஃப் அப்படியல்ல, ஏற்கெனவே ஒரு பிராணியிடம் ரத்தம் குடித்தது. போன வேளை எலியிடம் வாங்கியதை இந்த வேளை ராபின் மேல் சுமந்து திரியலாம். நோட்டில் வெறுமனே 'உண்ணி' என்று எழுதினால் இந்த வித்தியாசமே தொலைந்துபோகும்.

4. பறவை மேல் பழி போட அவசரப்படாதே. 1957இல் கர்நாடகத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல். உண்ணி பரப்பும் அந்த வைரஸ் ரஷ்யாவின் ஒரு வைரஸுக்கு உறவாக இருக்கவே, வலசைப் பறவைகள் மேல் சந்தேகம் விழுந்தது. அந்தச் சந்தேகத்தை ஒட்டித்தான் சாலிம் அலி தலைமையில் நம் நாட்டில் பெரிய அளவில் வளையமிடல் நடந்தது. பறவைகள்தான் கொண்டுவந்தன என்று நிரூபணம் ஆகவில்லை.

5. அதற்காக வக்காலத்தும் வாங்காதே. பறவைப் பைத்தியங்களான நமக்கு அது சுலபமாக வரும். ரெட்விங் பறவைகளிடம் உறங்கிக் கிடந்த பொரீலியா, வலசைக்கான பரபரப்பு ஏறியதும் மீண்டும் தலைகாட்டியதை ஸ்வீடன்காரர்களே 2000இல் காட்டினார்கள். உண்ணி சில நாள் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதற்குள் பறவை கடலையே தாண்டிவிடும்.

6. ராத்திரி உன் உடம்பையும் பார்: முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள். ஒட்டியிருந்தால் அன்றே எடுத்துவிடு. தள்ளிப்போட்டால் ஆபத்து கூடும். சில நாளிலோ வாரங்களிலோ சிவப்பு வட்டம் படர்ந்தால் மருத்துவரிடம் போ. முதுகு உனக்குத் தெரியாது. வெட்கப்படாமல் அறைத்தோழியிடம் பார்க்கச் சொல்.