அளவு கொடுத்து ஸ்டீல் பிரேம் செய்துகொள்வது எப்படி?

கடைச் சைக்கிள்கள் நான்கைந்து சைஸில்தான் வருகின்றன. ஐந்தடிப் பெண்ணுக்கும், ஆறடி தாண்டிய ஆணுக்கும், கால் நீண்டு உடல் குட்டையானவருக்கும் அவை சரியாகப் பொருந்துவதில்லை. கழுத்து வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்று சீட்டையும் ஸ்டெம்மையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குறை பிரேமில் இருந்தால் அதனால் தீராது. அளவு கொடுத்துப் பட்டறையில் செய்துகொள்வதே நல்லது. நம் நாட்டில் இதைக் கையால் செய்பவர்கள் வெகு சிலர். அவர்கள் நேரத்தை வீணாக்காமல் நாம் தயாராகப் போக வேண்டும்.

முதலில் டயரை முடிவு செய்யுங்கள். எந்தச் சாலை, எவ்வளவு சுமை, மட்கார்டு உண்டா இல்லையா என்ற எல்லாக் கேள்வியும் டயரின் அகலத்தில்தான் வந்து நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை வேகமாகப் போய்வர 32 மி.மீ. போதும். கிராமத்து மண் ரோடும் சேர்ந்தால் 40-க்குக் குறையாதீர்கள். டயருக்கு இரு பக்கமும் 6 மி.மீ. இடைவெளியாவது கேளுங்கள், மழைக்காலச் சேறு அங்கேதான் சிக்கும். அகல டயருக்கு இடம் வைத்த பிரேமில் சன்ன டயரும் போட்டுக்கொள்ளலாம். சன்ன டயருக்கென்று செய்ததில் அகல டயர் நுழையாது.

டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். பாட்டம் பிராக்கெட்டுக்கு மரை போட்ட 68 மி.மீ. கூடு, சீட் போஸ்ட்டுக்கு 27.2 மி.மீ. இரண்டும் பரவலான அளவுகள், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். அழுத்திச் செருகும் பாட்டம் பிராக்கெட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது பட்டறை. படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயின்ட் அடிக்காத பிரேம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நூலை எடுத்து, பின்சக்கரம் மாட்டும் ஒரு பக்கப் பிளவிலிருந்து இழுத்து, முன்னால் ஹெட் டியூபைச் சுற்றி, மறுபக்கப் பிளவில் கட்டுங்கள். நூலுக்கும் சீட் டியூபுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். நல்ல கைக்காரர் இந்தச் சோதனைக்குக் கோபப்பட மாட்டார், நூலை அவரே எடுத்துக் கொடுப்பார்.

இனி உடம்பு அளவு. வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே மேல்நோக்கி அழுத்தி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்கச் சொல்லுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால், பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை உள்ள உயரம் தோராயமாகக் கிடைக்கும். கால் அளவு 78 செ.மீ. என்றால் சீட் உயரம் ஏறக்குறைய 69 செ.மீ. இது தொடக்கக் கணக்குதான். இதைவிட முக்கியம், இப்போது ஓட்டும் சைக்கிளையே பட்டறைக்கு ஓட்டிப் போவது. சீட் உயரம், சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் தூரம், இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் ஆகியவற்றை அவர் குறித்துக்கொள்வார். எத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு எங்கே வலிக்கிறது என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். கோணங்களைத் தீர்மானிப்பது அவர் வேலை, வலியைச் சொல்வது உங்கள் வேலை.

உயரம் குறைந்தவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். சின்ன பிரேமில் 700சி சக்கரம் போட்டால், மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி முன் டயரில் இடிக்கும். 622 மி.மீ. ரிம்முக்குப் பதில் 584 மி.மீ. உள்ள 650பி சக்கரத்துக்கு வரையச் சொல்லுங்கள்.

குழாய் என்றால் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி. முனைகள் தடித்தும் நடு மெலிந்தும் இருக்கும் ‘பட்டட்’ குழாய்க்கு பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் 1897-லேயே காப்புரிமை பெற்றது. பின்னாளில் ரெனால்ட்ஸை வாங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 0.8-0.5-0.8 என்று எழுதியிருந்தால் நடுவில் அரை மில்லிமீட்டர்தான் கனம். தனியாக ஓட்டுபவருக்கு அது சரி. இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டு நெடும்பயணம் போகிறவர் 0.9-0.6-0.9 கேட்கட்டும். பின்பக்கச் செயின் ஸ்டே 44, 45 செ.மீ. இருந்தால் குதிகால் பையில் இடிக்காது. லக் வைத்துப் பிரேசிங் செய்வதா, டிக் வெல்டிங்கா என்ற வாதத்தில் இறங்காதீர்கள். அவர் கை எதில் தேர்ந்ததோ அதில் செய்யட்டும்.

வெட்டுவதற்கு முன் வரைபடம் தருவார். டயர் அகலம், சக்கர அளவு, சீட் உயரம், ஹேண்டில்பார் தூரம் நான்கையும் ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். குழாய் வெட்டிய பிறகு நீளம் கூட்ட வழியில்லை. முன்பணம், தவணை, உத்தரவாதம், ஃபோர்க் விலையில் அடங்குமா என்பதெல்லாம் அதே தாளில் இருக்கட்டும்.

பெயின்டுக்கு முன் ஒருமுறை நேரில் போங்கள். பாட்டில் கூடு, கேரியர், மட்கார்டு, கேபிள் ஆகியவற்றுக்கான திருகு இடங்களை விரலால் தொட்டு எண்ணுங்கள். பெயின்ட் ஆனபின் ஒன்றைச் சேர்த்தால் நிறமும் போகும், பணமும் போகும். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்க வேண்டும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் குழாயின் உட்புறத்துக்குத் துரு காக்கும் எண்ணெய் விடச் சொல்லுங்கள். ஸ்டீல் பிரேம் உள்ளிருந்துதான் அரிக்கும். அலுமினிய சீட் போஸ்ட் ஸ்டீல் குழாயில் இறுகிப்போவது உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் அதை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள்.

நாள் தள்ளிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், தனி ஆளாகச் செய்கிறவருக்கு ஒரு பிரேம் கெட்டால் குழாய்ச் செலவு முழுதும் அவர் தலையில். பிரேம் சரியாக வந்துவிட்டால் பேரம் பேசாமல் மீதிப் பணத்தை அன்றே கொடுத்துவிடுங்கள்.