வாரிசுச் சொத்தை வாங்கும் முன்...

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



நம்மில் பலர் வீடு, மனை வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறோம். ஊரில் ஒருவர் மவுத்தாகிவிட்டால், "அந்த வீடு விலைக்கு வரும், குறைத்து முடிக்கலாம்" என்று புரோக்கர் வந்து சொல்கிறார். வாரிசுச் சொத்தை வாங்குவது ஹலாலான வியாபாரம்தான். ஆனால், "பாகம் பிரிப்பது அவர்கள் பாடு. நான் பணம் கொடுத்தேன், பத்திரம் முடித்தேன்" என்று வாங்குபவர் ஒதுங்கிவிட முடியாது.

உஹத் போரில் ஸஅத் பின் ரபீஃ (ரலி) ஷஹீதானார்கள். அவர்களுடைய சொத்து முழுவதையும் அவர்களின் சகோதரர் எடுத்துக்கொண்டார். ஸஅதின் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். பிறகு வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். (அபூதாவூத், திர்மிதீ)

இன்றும் அதே நிலைதான். ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகளை விட்டு மவுத்தாகிறார். பெற்றோர் உயிருடன் இல்லை. கடன், கொடுபடாத மஹர், வஸிய்யத் எல்லாம் நிறைவேற்றியபின் 80 லட்சம் மதிப்புள்ள வீடு மிஞ்சுகிறது. மனைவிக்கு 10 லட்சம். மீதி 70 லட்சத்தில் மகன்களுக்குத் தலா 28 லட்சம், மகளுக்கு 14 லட்சம். "தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்று அண்ணன்மார் சொல்வதால் அந்த 14 லட்சம் மறைந்துவிடாது. அண்ணன் தன் பங்கை மட்டுமே விற்க முடியும். வயலுக்கும் இதே சட்டம்தான்: 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது, நம் மாநிலத்தில் 1949-இல் வந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது.

எனவே வாங்குபவர் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றுடன் நின்றுவிடக் கூடாது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். சகோதரி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால், "உங்கள் பங்கு இவ்வளவு என்று தெரியுமா, மனமுவந்துதான் விட்டுக்கொடுத்தீர்களா?" என்று கேளுங்கள். வெட்கத்துக்கும் வற்புறுத்தலுக்கும் பயந்து போட்ட கையெழுத்து மனப்பொருத்தம் ஆகாது. வாரிசுகளில் தந்தையை இழந்த சிறுவர் இருந்தால், தாயின் கையெழுத்து மட்டும் போதாது. சட்டப்படியான காப்பாளர் இல்லையென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனாதையின் சொத்தை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே உண்கிறார் என அந்நிஸா அத்தியாயம் எச்சரிக்கிறது.

அடுத்து, விலை. சரக்குடன் வரும் வணிகர்களை, அவர்கள் சந்தைக்கு வந்து விலை அறியும் முன்பே வழியில் எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டால், சந்தைக்கு வந்தபின் அந்த விற்பனையை முறிக்கும் உரிமையையும் சரக்குக்காரருக்குக் கொடுத்தார்கள். (முஸ்லிம்) இத்தாவில் இருக்கும் விதவையிடமும், பத்து நாள் லீவில் வந்து திரும்ப வேண்டிய வெளிநாட்டு மகனிடமும் விலை நிலவரத்தை மறைத்து முடிப்பது இதிலிருந்து எவ்வளவு தூரம்? லாபம் பார்ப்பது தவறல்ல. அறியாமையை விலைக்கு வாங்குவதுதான் தவறு.

சகோதரர்களே! பிறர் நிலத்தில் ஒரு சாணை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். (புகாரீ, முஸ்லிம்) தங்கையின் பங்கு பறிக்கப்பட்டது என்று தெரிந்தே வாங்கும் வீட்டில் எத்தனை சாண் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உரியவர்கள் அனைவரும் முழு மனதுடன் கையெழுத்திட்டு, அவரவர் பங்கு அவரவர் கைக்கே போய்ச் சேர்ந்தால், அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு.

ஹலாலான வியாபாரத்தையும், பிறர் உரிமையைப் பேணும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.