விழுவதா, பறப்பதா?

மல்லேசுவரம், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பா,

சேலத்திலிருந்து நீ போட்ட கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அப்பாவின் கைபேசியில் பார்த்ததாக எழுதியிருந்தாய்: பனி மலை உச்சியிலிருந்து ஒருவர் இரண்டு நீளப் பலகைகளில் சறுக்கி வருகிறார், விளிம்பில் தாவுகிறார், பிறகு கீழே வராமல் காற்றிலேயே போய்க்கொண்டிருக்கிறார். "அவர் பறக்கிறாரா, விழுகிறாரா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். வேலையில் இருந்த காலம் முழுவதும் விண்ட் டனல் எனப்படும் காற்றுச் சுரங்கத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான். இப்படி ஒரு கேள்வி வந்தால் சும்மா இருக்க முடியுமா?

விழுகிறார். முதலில் இதை மனதில் வை. தாவும் மேடை மேல்நோக்கி வளைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பத்துப் பதினோரு டிகிரி கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. வீரர் புறப்படும்போதே கீழ்நோக்கித்தான் புறப்படுகிறார். ஆனால் அவருக்குக் கீழே மலையும் சரிந்துகொண்டே போகிறது. அவர் விழும் வேகத்துக்கு ஏறக்குறைய ஈடாகத் தரையும் விலகிக்கொண்டே இருப்பதால், 200 மீட்டருக்கு மேல் போனாலும் பனியிலிருந்து இரண்டு மாடி வீட்டு உயரத்துக்குள்தான் இருக்கிறார். அடிவாரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் வானத்தில் மிதப்பது போலத் தெரியும்.

இந்த விளையாட்டுக்கு ஸ்கீ ஃப்ளையிங் என்று பெயர். ஒலிம்பிக்கில் நீ பார்க்கும் ஸ்கீ ஜம்பிங்கின் அண்ணன். ஒலிம்பிக்கில் இது கிடையாது. இதற்கான மலை மேடைகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இப்போது போட்டி நடப்பது நான்கில்தான். ஸ்லோவேனியாவின் பிளானிட்சா, நார்வேயின் விக்கர்சுண்ட், ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃப், ஆஸ்திரியாவின் குல்ம். இவற்றில் மாறி மாறி, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. முதல் போட்டி 1972-இல் பிளானிட்சாவில். தகுதி பெற்ற 40 பேர் இறங்குவார்கள், முதல் சுற்றோடு பத்துப் பேர் வெளியேறுவார்கள், மீதி 30 பேர் இரண்டு நாளில் மொத்தம் நான்கு முறை பறப்பார்கள். நான்கின் புள்ளிகளையும் கூட்டித்தான் பதக்கம். 2020 டிசம்பரில் பிளானிட்சாவில் ஜெர்மனியின் கார்ல் கைகர் நார்வேயின் ஹால்வோர் கிரானெரூதை வென்றது அரைப் புள்ளியில். ஒரு மீட்டருக்கு 1.2 புள்ளி என்பது இங்கே கணக்கு. அரைப் புள்ளி என்றால் உன் அரை அடி ஸ்கேலை மூன்று முறை வைத்தாலே அந்தத் தூரத்தைத் தாண்டிவிடும். நான்கு முறை பறந்த பிறகு அவ்வளவுதான் வித்தியாசம்!

இப்போது காற்றுக்கு வருகிறேன். உனக்கு நான் சொல்ல ஆசைப்படுவதும் இதைத்தான். அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது உள்ளங்கையைக் கத்தி போல நீட்டினால் கை சும்மா இருக்கும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் கை தானாக மேலே எழும். ரொம்பத் தூக்கினால் எழாது, பின்னால் தள்ளும். கொஞ்சத்துக்கும் ரொம்பத்துக்கும் நடுவில் ஒரு கோணம் இருக்கிறது. ஸ்கீ ஃப்ளையர் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மேடையை விட்டு வருகிறார். அந்தக் கோணத்தை ஒரு நொடிக்குள் தன் உடம்பாலும் பலகைகளாலும் கண்டுபிடித்து, ஏழெட்டு நொடி அதை விடாமல் பிடித்துக்கொள்கிறார். முன்னால் அதிகம் சாய்ந்தால் குப்புறக் கவிழ்வார். பின்னால் சாய்ந்தால் காற்று அவரைத் தடுத்து நிறுத்திவிடும். இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் 1959-இலிருந்து ஒரு பெரிய காற்றுச் சுரங்கம் இருக்கிறது. விமானத்தின் மாதிரியை அசையாமல் நிறுத்தி அதன்மேல் காற்றை ஓடவிடுவார்கள். விமானம் ஓடினாலும் காற்று ஓடினாலும் இறக்கைக்கு ஒன்றுதான். இறக்கையின் கோணத்தை ஒரு டிகிரி மாற்றினால் அளவுக் கருவியின் எண் எப்படி மாறும் என்று ஆயுள் முழுக்கப் பார்த்த எனக்கு, கருவி எதுவும் இல்லாமல் தோலால் அதை உணர்கிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு விம்முகிறது.

அந்தக் காணொளியில் பலகைகள் இரண்டும் முன்பக்கம் விரிந்து ஆங்கில 'வி' எழுத்து போல இருந்திருக்கும். முன்பெல்லாம் அப்படி இல்லை. பலகைகளை ஒட்டி இணையாக வைத்திருப்பதுதான் அழகு என்று விதி. 1980-களில் ஸ்வீடனின் யான் போக்லேவ் அவற்றை விரித்துப் பறந்தார். பலகைகள் விரிந்ததும் உடம்பின் அடிப்பரப்பிலும் காற்று நேரே பட்டு ஏந்தியது. தூரம் கூடியது. ஆனால் நடுவர்கள் 'பார்க்க அசிங்கம்' என்று அழகுக்கான புள்ளிகளை வெட்டினார்கள். அந்த இழப்பை ஈடுகட்ட அவர் மற்றவர்களைவிட இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது, போனார். 1988–89 உலகக் கோப்பையை வென்றார். சில ஆண்டுகளில் எல்லோரும் பலகையை விரித்தார்கள். 1994 மார்ச்சில் பிளானிட்சாவில் பின்லாந்தின் 18 வயது டோனி நியமினென் 203 மீட்டர் பறந்து நின்றார். 200-ஐத் தாண்டி விழாமல் நின்ற முதல் மனிதர் அவர். 2025 மார்ச் 30-இல் அதே பிளானிட்சாவில் ஸ்லோவேனியாவின் டோமென் பிரெவ்ட்ஸ் 254.5 மீட்டர் போனார். இங்கே பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நூறு மீட்டர் ஓட்டப் பாதை பார்த்திருக்கிறாய் அல்லவா? அதைப் போல இரண்டரை மடங்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் சாதனைப் பட்டியலில் இன்று இல்லை. சுவிட்சர்லாந்தின் வால்ட்டர் ஸ்டைனர். தொழில் மரச் சிற்பம். 1972-லும் 1977-லும் உலக சாம்பியன். 1974-இல் பிளானிட்சாவில் அவர் மற்றவர்களைவிட அவ்வளவு தூரம் பறந்தார், சரிவு முடிந்து சமதரை தொடங்கும் இடத்துக்கே போய்விட்டார். சரிவில் இறங்கினால் மலை உன்னை மெல்ல வாங்கிக்கொள்ளும். சமதரையில் இறங்கினால் மாடியிலிருந்து குதித்த மாதிரி. விழுந்து அடிபட்டார். பிறகு தன் வேகம் குறையட்டும் என்று மற்றவர்களைவிடத் தாழ்வான இடத்திலிருந்து புறப்பட்டார். அப்படியும் வென்றார். வெர்னர் ஹெர்சோக் என்ற ஜெர்மானிய இயக்குநர் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். கூட்டம் இன்னும் தூரம் வேண்டும் என்று எதிர்பார்க்கும்போது தானே கீழிறங்கிப் புறப்பட்ட அந்த மனிதரை நான் வீரர் என்பேன். இன்று காற்றைப் பார்த்துப் புறப்படும் இடத்தை ஏற்றுவதும் இறக்குவதும் போட்டி விதியிலேயே வந்துவிட்டது. பின்காற்றில் பறந்தவருக்குப் புள்ளி கூட்டுவார்கள், எதிர்காற்று தாங்கியவருக்குக் குறைப்பார்கள். ஆமாம், எதிர்காற்றுதான் உதவி!

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நீ வளர்கிற பிள்ளை என்பதால். உடம்பு இலேசாக இருந்தால் காற்று அதிக தூரம் தாங்கும். அதனால் ஒரு காலத்தில் வீரர்கள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக ஆனார்கள். இது தப்பு என்று 2004-இல் விதி வந்தது: உயரத்துக்குத் தகுந்த எடை இல்லாதவர் குட்டையான பலகையில்தான் பறக்க வேண்டும், அதாவது சின்ன இறக்கை. சாப்பிடாமல் இருந்து கிடைக்கும் லாபத்தை இப்படிப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த விளையாட்டு விதிகளில் இதைவிடக் கருணையான விதி இல்லை. நீ பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்காக இரவுச் சோற்றைத் தள்ளுகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். தள்ளாதே கண்ணு.

பெண்கள் பறக்கிறார்களா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். நெடுங்காலம் விடவில்லை. சாதாரண ஸ்கீ ஜம்பிங்கே பெண்களுக்கு ஒலிம்பிக்கில் 2014-இல்தான் கிடைத்தது. ஸ்கீ ஃப்ளையிங்கில் அவர்களுக்கு உலகக் கோப்பைப் போட்டி முதன்முதலில் நடந்தது 2023 மார்ச்சில், விக்கர்சுண்டில். ஸ்லோவேனியாவின் எமா கிளினெட்ஸ் 226 மீட்டர் பறந்து வென்றார். இரண்டே ஆண்டில், அதே மலையில், நிகா பிரெவ்ட்ஸ் 236 மீட்டர் போனார். வயது 20. பெயரைக் கவனித்தாயா? டோமெனின் தங்கை. தங்கை சாதனை படைத்த அதே மாதக் கடைசியில்தான் அண்ணன் 254.5 போனார். ஒரே வீட்டில் இரண்டு உலக சாதனை.

நம் நாட்டில் இப்படி ஒரு மலை மேடை கிடையாது. ஆனால் பனியே விழாத நம் கர்நாடகத்தின் குடகிலிருந்து போன பவானி என்ற பெண் குல்மார்க் பனியில் நெடுந்தூரச் சறுக்கு ஓட்டத்தில் 2024 கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் தங்கம் வாங்கினார். காப்பித் தோட்டத்து ஊரிலிருந்து!

மே விடுமுறைக்கு வா. மாடிக்குப் போனால் பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டம் போடும். வாலை மட்டும் லேசாகத் திருகுவதைக் காட்டுகிறேன். அட்டையில் இரண்டு பலகை வெட்டி, மேசை விசிறி முன்னால் நூலில் கட்டி, இணையாக வைத்து ஒரு முறை, விரித்து ஒரு முறை பார்ப்போம். அதுவரை, அந்தக் காணொளியை மறுபடி போட்டு, அவர் கால் மேடையை விட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணு. எத்தனை வந்தது என்று எனக்கு எழுது.

பாட்டிக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
மாமா