சர்ப்பகந்தா வேர் போதுமா?

கேள்வி: தேனி நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தா வேர்ப்பொடி வாங்கி வந்த மாமனார், "பிரஷர் மாத்திரையை நிறுத்தும்மா" என்கிறார். நிறுத்தலாமா?
– வாசகி, சின்னமனூர்

பதில்: மாமனார் சொல்வதில் பாதி நிஜம். இந்த வேர் பிரஷரைக் குறைப்பதை 1949-இல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதி உலகுக்குக் காட்டியவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தது. நரம்பு நுனிகளில் சேர்ந்திருக்கும், ரத்தக்குழாயை இறுக்கும் நார்அட்ரினலினை அது காலி செய்துவிடும்; ரத்தக்குழாய் தளரும்.

ஆனால் ரிசர்பைன் மாத்திரையில் இருப்பது 0.25 மில்லிகிராம், ஒரு கடுகின் எடைகூட வராது. மூன்று விரலால் அள்ளும் பொடியில் எவ்வளவு இருக்கும், யார் கண்டது? மூக்கடைப்பு, அசதி, கூடவே மனச்சோர்வும் வரலாம். டாக்டர்கள் ரிசர்பைனை ஓரங்கட்டியதே அதனால்தான். உங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாமனாருக்கும் ஒருமுறை பிரஷர் பார்த்துவிடுங்கள்.