வடிதாளில் தங்கும் கரும்பொடி

மாணவர்களே! சிவகாசித் தீக்குச்சியின் தலைமருந்தில் முக்கியமானது பொட்டாசியம் குளோரேட். தனியே சூடாக்கினால், இது ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸில்தான் ஆக்சிஜனைத் தாராளமாக வெளிவிடும். சிறிது மாங்கனீசு டைஆக்சைடு கலந்தால் அதைவிடக் குறைந்த வெப்பநிலையே போதும். வினை முடிந்தபின் நீரில் கரைத்து வடிகட்டினால், பொட்டாசியம் குளோரைடு கரைந்துபோகும். வடிதாளில் கரும்பொடி தங்கும். உலர்த்தி நிறுத்தால் போட்ட எடையே இருக்கும். இதுவே திண்ம வினையூக்கி. (ஆசிரியர் செய்து காட்டும்போது மட்டுமே காண்க. குளோரேட்டுடன் கந்தகம் சேர்ந்தால் உராய்விலேயே வெடிக்கும்!)

வளையச் சேர்மங்களை ஆக்குவதிலும் இதே தத்துவம் பயன்படுகிறது. 1969-இல் தொடங்கிய சென்னை மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், நாப்தா ஆவியைச் சுமார் 500 டிகிரியில் பிளாட்டினம் படிந்த அலுமினா மணிகளின் வழியே செலுத்துகிறார்கள். அம்மேற்பரப்பில் ஹெக்சேன் சங்கிலியின் இரு முனைகளும் இணைகின்றன. நான்கு ஹைடிரஜன் மூலக்கூறுகள் நீங்க, பென்சீன் வளையம் பிறக்கிறது. நாளடைவில் மணிகளின்மேல் கரி படியும். காற்றைச் செலுத்தி அதை எரித்து நீக்கிப் பதப்படுத்தினால் மணிகள் மீண்டும் உழைக்கும்.

வேறு சில கரிம வினைகளில் பயன்படும் அலுமினியம் குளோரைடை இவ்வாறு மீட்க இயலாது. நீரால் கழுவி நீக்க வேண்டும். மிஞ்சுவது அமிலக் கழிவுநீர். வானம் பார்த்த விருதுநகர்ச் சீமையில் ஒரு கண்மாய் கெட்டால் என்னவாகும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, ஒரு வினையூக்கியைப் பற்றிப் படிக்கும்போது, ‘எவ்வளவு வேகம் தரும்?’ என்பதோடு, ‘வேலை முடிந்தபின் எங்கே போகும்?’ என்றும் கேளுங்கள்.